வயிற்று டயாலிசிஸ் செய்பவருக்கு ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 44. வீட்டிலேயே பை மாற்றி வயிற்று டயாலிசிஸ் செய்கிறோம். போன மாதம் பெரிட்டோனைட்டிஸ் (வயிற்றுச் சவ்வில் கிருமித்தொற்று) வந்து, மருந்தில் சரியானது. இப்போது மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறது. பக்கத்துக் கிளினிக்கில் ட்ரனெக்சாமிக் ஆசிட் 500 மி.கி. மூன்று வேளை எழுதித் தந்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். மருந்து மோசமில்லை. விபத்தில் அடிபட்ட 20,211 பேரிடம் நடந்த, 2010-இல் வெளியான ஆய்வில் இது உயிரிழப்பைக் குறைத்தது. ஆனால் இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். அம்மாவுக்குச் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததால் அந்த வழி சரியாக இல்லை. மூன்று வேளைக் கணக்கில் போட்டால் உடம்பில் தேங்கி வலிப்பு வரலாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அப்படி வந்ததும் உண்டு.

அடுத்தது வயிற்றுச் சவ்வு. வயிற்று டயாலிசிஸில் பைநீரை உள்ளே விட்டால், ரத்தத்தை வடிகட்டுவது இந்தச் சவ்வுதான். அது அழன்றால் அதன்மேல் ஃபைப்ரின் என்ற நார் படியும். வடிந்த பையில் வெள்ளை நூல்போல மிதக்குமே, அதுதான். கிருமி அதற்குள் ஒளிந்துகொள்ளும்; கரையாமல் தங்கினால் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். நல்ல நிலையில் சவ்வே இந்த நாரைக் கரைத்துவிடும். அழற்சியின்போது அந்தத் திறன் குறைகிறது. ட்ரனெக்சாமிக் ஆசிட்டின் வேலையே நார் கரைவதைத் தடுப்பதுதான். நார் படிந்து வயிற்றுக் குழாய் அடைக்காமலிருக்க நாங்கள் பையில் ஹெப்பாரின் என்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைச் சேர்ப்போம். நீங்கள் வாய்வழியாக எதிர்த்திசை மருந்தைக் கொடுப்பீர்கள்! நாரைக் கரைக்கும் பிளாஸ்மின் அழற்சியையும் தூண்டுவதால், அதை அடக்குவது நல்லதாகவும் முடியலாம் என்றொரு வாதமும் இருக்கிறது. அது ஆய்வுக்கூடத்துப் பேச்சு. அதை நம்பி அம்மாவுக்குக் கொடுக்க முடியாது.

சரி, ரத்தப்போக்குக்கு என்ன செய்வது? முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள், மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன் எடுங்கள். ஹார்மோன் சிகிச்சை உட்பட வேறு வழிகள் இருக்கின்றன. இந்த மாத்திரைதான் வேண்டும் என்றாலும், இரண்டு மருத்துவர்களும் பேசி அளவைக் குறைத்துத் தருவார்கள்.

மாதவிடாய் நாட்களில் பைநீர் இளஞ்சிவப்பாக வந்தால் பதற வேண்டாம். கருக்குழாய் வழியாகச் சில சொட்டு ரத்தம் வயிற்றுக்குள் வந்தாலே நிறம் மாறிவிடும். பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெரியாத அளவுக்குக் கலங்கலாக இருந்தாலோ, வயிற்று வலி, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தப் பையைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். பரிசோதனைக்கு அதுதான் வேண்டும்.