வாசகர் கேள்வி–பதில்: மூர்மான்ஸ்க் நகரம் நிலைத்து நின்றது எப்படி?

கேள்வி: ஐயா, ஆழ்கடல் சென்று சுறா பிடிக்கும் குடும்பம் எங்களுடையது. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் வடகோடித் துறைமுகமான மூர்மான்ஸ்க் கடைசிவரை வீழவில்லை என்று படித்தேன். அது எப்படி முடிந்தது? மீனவர்களுக்கு அதில் பங்கு உண்டா?
– நீரோடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்டு, பெரும் பங்கே உண்டு. 1916-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் நடுவில், நேச நாடுகளின் சரக்கை இறக்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஊர் அது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தும், அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் அதன் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. இட்லரின் படை அதைக் கைப்பற்றத் துடித்ததற்கு இதுவே காரணம்.

1941 ஜூன் 29 அன்று ஜெர்மானிய ஜெனரல் டீட்டலின் மலைப்படை சோவியத் எல்லையைக் கடந்தது. சில நாள்களில் நகருக்குள் நுழைந்துவிடலாம் என்று எண்ணிய அந்தப் படையை, நகரத்தாரையும் சேர்த்து அவசரமாகத் திரட்டப்பட்ட படைப்பிரிவு உள்ளிட்ட சோவியத் படைகள் மேற்கு லீத்சா ஆற்றங்கரையில் தடுத்து நிறுத்தின; 1944 அக்டோபர்வரை போர்முனை அங்கிருந்து நகரவேயில்லை.

தரைவழி அடைபட்டதும் தாக்குதல் வான்வழியே வந்தது. பகைவரின் விமானத்தளங்கள் மிக அருகில் இருந்தன. கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை என்பதால், இருளில் ஒளியும் வாய்ப்பும் மக்களுக்கு இல்லை. 1942 ஜூன் 18 அன்று வீசப்பட்ட தீக்குண்டுகள் மரவீடுகள் நிறைந்த நகரத்தின் பெரும்பகுதியை எரித்தன. அதன் பிறகும் துறைமுகத்தில் நேச நாடுகள் அனுப்பிய போர்ச் சரக்கை இறக்கும் வேலை நின்றுவிடவில்லை. படைவீரர்களின் தீரத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தலைக்குமேல் விமானங்கள் வட்டமிடும்போது வெடிமருந்துப் பெட்டிகளை இறக்கிய தொழிலாளர்களின் உறுதி அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதே என் கருத்து.

மீன்பிடிக் கப்பல்கள் பல, பீரங்கி பொருத்தப்பட்டுக் காவல் கப்பல்களாகவும் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களாகவும் மாறின. அவற்றுள் ஒன்றுதான் 'தூமான்'. இழுவலைக் கப்பலாக இருந்த அது, 1941 ஆகஸ்ட் 10 அன்று கில்தின் தீவருகே மூன்று ஜெர்மானிய நாசகாரிக் கப்பல்களைத் தனியாக எதிர்கொண்டு, மூழ்கும்வரை சுட்டுக்கொண்டே இருந்தது. மீன் பிடிக்கக் கட்டிய கப்பல் அப்படி நின்றதன் அருமை, கடலறிந்த உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். 1985-இல் மூர்மான்ஸ்க் நகருக்கு 'வீர நகரம்' என்ற பட்டம் வழங்கப்பட்டது.

கேள்வி: அத்தனை ஆபத்து இருந்தபோது, வேறு துறைமுகத்தைப் பயன்படுத்தியிருக்கலாமே?
– களியக்காவிளை வாசகர்

பதில்: பயன்படுத்தினார்கள். நேச நாடுகளின் சரக்கோடு, போர்க்கப்பல்களின் காவலுடன் கூட்டமாக வந்த முதல் கப்பல் தொடரணி 1941 ஆகஸ்ட் 31 அன்று, வெள்ளைக் கடலை ஒட்டிய ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்துக்கே வந்தது. 1942 ஜூலையில் 24 வணிகக் கப்பல்களை இழந்த 'பி.க்யூ.17' தொடரணி செல்லவிருந்ததும் அங்கேதான். ஆனால் ஆர்க்காங்கெல்ஸ்க் கடல் குளிர்காலத்தில் உறைந்துவிடும். துருவத்து நீண்ட இரவு கப்பல்களை விமானங்களிடமிருந்து மறைத்துக் காக்கும் மாதங்களும் அவையே. ஆகவே அப்போது மூர்மான்ஸ்க் தவிர்க்க முடியாததாயிற்று. அங்கிருந்து தெற்கே லெனின்கிராடு நோக்கிச் சென்ற ரயில்பாதையை ஃபின்லாந்துப் படைகள் 1941-இல் துண்டித்தபோது, பெலமோர்ஸ்கிலிருந்து கிழக்கே அபோசெர்ஸ்கயாவுக்குச் செல்லும் புதிய கிளைப்பாதை கைகொடுத்தது. அது அமையாமல் இருந்திருந்தால், அத்தனை உயிர்களைக் கொடுத்துக் கொண்டுவந்து இறக்கிய சரக்கு போர்முனைகளுக்குப் போகாமல் துறைமுகத்திலேயே தேங்கியிருக்கும்.