காலுக்கும் சாலைக்கும் ஏற்ற சைக்கிள்: வாசகர் கேள்விகள்

சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று எழுதுகிறவர்கள் கொஞ்ச நாளாகக் கூடியிருக்கிறார்கள். படிக்கவே மனசு நிறைகிறது. ஸ்பேனரும் கையுமாக வருடக்கணக்கில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

திருவான்மியூரில் வீடு, கிண்டியில் வேலை. போக வர 15 கிலோமீட்டர். வயது 42. கடையில் 21 கியர், டிஸ்க் பிரேக், முன்னால் சஸ்பென்ஷன் வைத்த எம்.டி.பி.யையே (மலைப்பாதை சைக்கிள்) எடுத்துக் காட்டுகிறார்கள். 16,000 ரூபாய். வாங்கலாமா?

வேண்டாம். பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த விலையில் வருகிற சஸ்பென்ஷன் வெறும் இரும்பு ஸ்பிரிங். எடையும் அதிகம். எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் அது அமுங்கி எழும், உங்கள் கால் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் சேற்றுக்கும் சரளைக்கும் நல்லது. தார் சாலையில் அது ‘உர்ர்’ என்று இரைந்துகொண்டு உங்களைப் பின்னால் இழுக்கும்.

உங்களுக்கு ஏற்றது ஹைபிரிட் என்று கடைக்காரர்கள் சொல்கிற வகை. சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கவை), நேரான ஹேண்டில்பார், 700-35 அளவில் வழவழப்பான டயர். நம் ஊர்ப் பள்ளங்களுக்கு 35 மி.மீ. அகலமே போதுமான மெத்தை. அதைவிட ஒல்லியான டயர், மழைநீர்க் கால்வாய் மூடியின் இடுக்கில் இறங்கிவிடும்.

கியர் வேண்டுமா? சென்னை தட்டையான ஊர், எதற்குக் கியர் என்று பலரும் கேட்பார்கள். மேம்பாலத்தை விட்டால் இங்கே ஏற்றம் இல்லை என்பது நிஜம்தான். ஆனால் காற்று இருக்கிறதே. நீங்கள் காலையில் மேற்கே போகிறீர்கள், மாலையில் கிழக்கே திரும்புகிறீர்கள். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து ஏறும். சர்தார் படேல் சாலையில் மத்திய கைலாஷை நோக்கி வரும்போது அது நேராக நெஞ்சில் வந்து மோதும். அந்தச் சில கிலோமீட்டருக்காகத்தான் கியர். அதற்கும் 21 தேவையில்லை. முன்னால் 3, பின்னால் 7 என்று பெருக்கி 21 என்கிறார்கள், அதில் பல ஒன்றின்மேல் ஒன்றாக விழுபவை. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 7 இருந்தால் போதும். செட்டிங் கலைவதும் குறைவு.

பிரேக் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மலிவான டிஸ்க்கைவிட, ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் கவ்வுகிற நல்ல வி-பிரேக் மேல். ஆனால் ரிம் அலுமினியமாக இருக்க வேண்டும். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், எவ்வளவு பிடித்தாலும் வண்டி நிற்காது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். ரிம்மில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. அப்படியே ஹேண்டில்பாரிலும் சீட் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவருக்கு இரும்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

பணம் முழுவதையும் சைக்கிளிலேயே கொட்டிவிடாதீர்கள். பூட்டு, முன் பின் விளக்கு, மட்கார்டு, கேரியர் இவற்றுக்கு 3,000 ரூபாயாவது ஒதுக்கி வையுங்கள். கேரியர் கட்டாயம். அலுவலகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நம் வெயிலில் 7 கிலோமீட்டர் மிதித்தால் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும். பையைப் பின்னால் கட்டிவிட்டு வந்தால் பாதி வியர்வை இல்லை. அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைப் பார்த்து வாங்குங்கள்.

வயது 51, உயரம் 5 அடி 1 அங்குலம். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு இப்போதுதான் லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் படுகிற மாதிரி சீட்டை இறக்கித் தந்தார்கள். பத்து நிமிடத்தில் முட்டி வலிக்கிறது. வயதாகிவிட்டதால்தானா?

இல்லவே இல்லைம்மா. சீட் தாழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தாழ்ந்த சீட்டில் முட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கியபடியே பாரம் தாங்குகிறது. இருபது வயதுப் பெண்ணுக்கும் வலிக்கும்.

இப்படிச் செய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் மடங்காமல் நேராக நீள வேண்டும். இடுப்பு சாயக் கூடாது. அதுதான் உயரம். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கும். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அது வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் தூக்காதீர்கள்.

‘அப்படி வைத்தால் நிறுத்தும்போது விழுந்துவிடுவேனே’ என்று பயப்படுவீர்கள். நியாயமான பயம்தான். சீட்டில் உட்கார்ந்துகொண்டே நிறுத்த வேண்டியதில்லை. பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும் சீட்டிலிருந்து முன்னால் வழுக்கி இறங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றுங்கள். லேடீஸ் சைக்கிளில் குறுக்கே பார் இல்லை, சுலபமாக வரும். தெருவில் வண்டி குறைந்த விடியற்காலையில் இருபது முறை செய்து பாருங்கள். சீட்டை ஒரே நாளில் ஏற்ற வேண்டாம், வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏற்றினால் போதும். புடவையோ துப்பட்டாவோ என்றால் செயின் முழுக்க மூடுகிற கவரும், பின் சக்கரத்துக்கு வலையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரம்பூரில் ஒருவர் இரண்டு வருடம் ஓட்டிய சைக்கிளை 5,000 ரூபாய்க்குத் தருகிறார். எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் வண்டியைத் தலைகீழாகப் போடுங்கள். பெயின்ட் கீறல்களை விட்டுவிட்டு, கம்பிகள் ஒட்டவைத்த இடங்களில், முக்கியமாக ஹேண்டில்பாருக்குக் கீழே, முடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். லேசான கோட்டம் என்றால் மெக்கானிக் எடுத்துவிடுவார். சக்கரம் குதித்தால் ரிம்மே போய்விட்டது.

பெடல் கம்பியைக் கையால் பிடித்து வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் உள்ளே பால்ஸ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பல்சக்கரத்தின் பல் சுறா மீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூராக இருந்தால் செயினும் சேர்த்து மாற்ற வேண்டும். அடியில், பெடல் அச்சு போகிற குழாயின் வயிற்றில் எண் அடித்திருப்பார்கள். அதைச் சுரண்டியிருந்தால் வாங்காதீர்கள், திருட்டு வண்டியாக இருக்கலாம். எண் இருந்தால், விற்கிறவரிடம் அந்த எண்ணைப் போட்டு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்கு மாம்பலம், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கீழே நிறுத்தினால் திருடு போகிறது. மடக்கு சைக்கிள் சரிப்படுமா?

தினமும் 5 கிலோமீட்டருக்குள் என்றால் சரிப்படும். 20 அங்குலச் சக்கரம் வைத்ததை எடுங்கள், 16 அங்குலம் பள்ளத்தில் குலுக்கி எடுத்துவிடும். ஆனால் வாங்குவதற்கு முன் கடையில் அதை மடக்கி, கையில் தூக்கி, கடையின் படிக்கட்டிலேயே ஒரு மாடி ஏறிப் பாருங்கள். 12, 13 கிலோ என்பது காகிதத்தில் சின்ன எண். மூன்று மாடி ஏறும்போது வேறு.

கீழேயே நிறுத்துவது என்றால் யு வடிவப் பூட்டு வாங்கி, பின் சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்து அசையாத கம்பி கேட்டில் பூட்டுங்கள். மெல்லிய கேபிள் பூட்டைச் சின்னக் கட்டர் ஒன்று நறுக்கிவிடும். கையால் திருகிக் கழற்றுகிற சீட் கிளாம்ப் இருந்தால் அதை மாற்றிச் சாதாரண நட்டு போல்ட் போடுங்கள். ஒரு ரயில் நிலைய வாசலில் பூட்டிவைத்த என் வண்டியில் சீட்டை மட்டும் உருவிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே நான் மாற்றிக்கொண்ட பழக்கம் இது.

பையனுக்கு 12 வயது, உயரம் 4 அடி 9 அங்குலம். வளர்கிற பிள்ளை என்று 26 அங்குலமாகவே வாங்கிவிடலாமா? (அம்பத்தூர்)

24 அங்குலச் சக்கரம் வைத்ததை வாங்குங்கள். பெரிய சைக்கிளில் பையனுக்குப் பிரேக் பிடி எட்டாது. கை விரல் முழுசாகச் சுற்றிப் பிடிக்க முடியாத பிரேக், பிரேக்கே இல்லை. அப்பாவின் உயரமான ஃபிரேமில் குரங்குப் பெடல் போட்டுத்தான் எங்கள் தலைமுறை கற்றது. வேறு வழி இல்லாததால் கற்றோம். அன்றைக்குத் தெருவில் இத்தனை தண்ணீர் லாரி ஓடவில்லை. அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிக்கிறான் என்றால் 11-ஆம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் கிடைக்கும். அதுவரை இந்த 24 தாங்கும்.

ஆன்லைனில் விலை குறைவு. 85 சதவீதம் பூட்டி அனுப்புகிறோம் என்கிறார்கள். மீதியை நானே பூட்டலாமா?

பூட்டலாம், மூன்று இடத்தில் கவனம் வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசை. வலது பெடலைத் திருகுகிற மாதிரியே இதையும் பலவந்தமாகத் திருகினால் மரை போய்விடும், கிராங்க்கையே (பெடல் கம்பியையே) மாற்ற வேண்டிவரும். பெடலில் எல், ஆர் என்று பொறித்திருக்கும், பார்த்துப் போடுங்கள். ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். பின்பக்கம் திரும்பியிருக்க அப்படியே ஓட்டிக்கொண்டு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, பெட்டியில் வந்தபடி பிரேக்கை நம்பாதீர்கள். தெரு மெக்கானிக்கிடம் 300, 400 கொடுத்து எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் பஞ்சர் என்றால் அவர்தான் வரப்போகிறார், இன்றைக்கே பழக்கமாகட்டும்.

மின்சார சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா? (தாம்பரம்)

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். அதற்கு மேல் ஓடுகிற மாதிரி ‘திறந்து’ தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சட்டப்படி அது மோட்டார் வாகனமாகிவிடும். தூரத்தை விளம்பரத்தில் பார்க்காமல் பேட்டரியில் பாருங்கள். 36 வோல்ட்டை 7.5 ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் 270 வாட்-ஹவர். நடுத்தர உதவியில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-ஹவர் செலவு என்று வைத்தால் 27 கிலோமீட்டர். பேட்டரி கழற்றக்கூடியதாக இருக்கட்டும், வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போடலாம்.

அப்பாவின் பழைய சைக்கிள் 30 வருடமாகப் பரணில் கிடக்கிறது. கம்பி பிரேக், டைனமோ. இரும்புக் கடைக்குப் போடச் சொல்கிறார்கள். ஓட்ட வைக்க முடியுமா?

போட்டுவிடாதீர்கள்! அந்தக் காலத்து ஃபிரேமில் இருக்கிற இரும்பின் கனம் இன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய் வண்டியில் வராது. ஃபோர்க்கும் ஃபிரேமும் வளையாமல் இருந்தால் மற்றதெல்லாம் கிடைக்கும். 28க்கு 1½ டயர் இன்னும் விற்கிறது. புது டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், ஓவராயிலிங். ஒரு புது சைக்கிளின் விலையில் பாதிகூட ஆகாது. பழைய மெக்கானிக்காகப் பார்த்துக் கொடுங்கள், கம்பி பிரேக்கின் செட்டிங் அவர்கள் கைக்குத்தான் வரும். மழைக்காலத்தில் மட்டும் மெதுவாக ஓட்டுங்கள், அது இரும்பு ரிம். டைனமோவைக் கழற்றிவிட வேண்டாம். உருளையை டயரின் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்போ ஒயரோதான் போயிருக்கும்.