ஆராய்ச்சியால் ஊருக்கு என்ன வரவு? காரைக்குடிப் பேராசிரியரின் பதில்கள்

(மின்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் பதில்.)

புதுவயல், அரிசி ஆலைக்காரர்: பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதிப் பட்டம் வாங்குகிறார்கள். எங்களுக்கு அதில் என்ன ஐயா?

உங்கள் ஆலையில் மூட்டை மூட்டையாக இறங்கும் வெள்ளைப் பொன்னி எங்கிருந்து வந்தது? மலேசியாவிலிருந்து வந்த மசூரி ரகத்தில் தேர்ந்தெடுத்து, கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. விளைவித்தவர், அரைத்தவர், லாரி ஓட்டியவர் என்று அத்தனை பேருக்கும் வரும்படி. அது எதுவும் பல்கலைக்கழகத்தின் வரவு ஏட்டில் ஏறாது. அதனால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

தேவகோட்டை, வீடு கட்டும் ஆச்சி: சிக்ரியில் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) துருவை வைத்து இத்தனை வருஷமாக என்னதான் பார்க்கிறார்கள்?

உங்கள் வீட்டுத் தளத்துக்குள் கிடக்கும் கம்பியையும் சேர்த்துத்தான் ஆச்சி. நல்ல காங்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அது கம்பியின் மேல் மெல்லிய படலத்தை உண்டாக்கிக் காக்கும். உப்புத் தண்ணீரிலும் கடற்காற்றிலும் வரும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் இல்லையா, உள்ளிருந்தே நெம்பும். அப்புறம் காங்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். மேலே பூசி மறைப்பது வீண் செலவு.

எந்த உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்க்க, ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடற்கரையோரம் உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் மாட்டி வைத்து, எவ்வளவு எடை குறைந்தது என்று பார்ப்பார்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பாலம் கட்டுகிறவருக்கு அந்தக் கணக்குதான் வேண்டும். நீங்கள் கொத்தனாரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: கலவைக்கு உவர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

காரைக்குடி, எம்.எஸ்ஸி. மாணவர்: கண்டுபிடித்த பல்கலைக்கழகத்துக்குத்தானே சார் லாபம் வர வேண்டும்?

வந்தால் நல்லது தம்பி. உன் கைபேசி பேட்டரியையே எடுத்துக்கொள். அதற்கு அடிப்படையான லித்தியம் கோபால்ட் ஆக்சைடு மின்வாயை (மின்முனையை) 1980-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி ஜான் குட்எனஃபின் குழு செய்து காட்டியது. அதற்குக் காப்புரிமை எடுக்கப் பல்கலைக்கழகம் முன்வரவில்லை. 1991-இல் அந்த வகை பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சோனி. குட்எனஃபுக்கு 2019-இல் நோபல் கிடைத்தது, காசு வேறிடத்துக்குப் போனது. காப்புரிமைச் சட்டத்தையும் கொஞ்சம் படித்து வை.

கானாடுகாத்தானிலிருந்து ஒருவர்: சிக்ரிக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்ததற்குப் பலன் வந்ததா?

சிக்ரி ஒரு பல்கலைக்கழகம் இல்லை, மத்திய அரசின் ஆய்வுக்கூடம். அதற்கு அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். வட்டிக்கணக்கில் பார்த்தால் விடை வராது. என்னைக் கேட்டால், பெரிய பலன் ஆட்கள்தான். இங்கே பி.டெக். படித்த பிள்ளைகள் பேட்டரி ஆலைகளிலும் ரசாயன ஆலைகளிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சிலரையாவது சொந்த ஊரில் நிறுத்தத் தொழில் இல்லை என்பதுதான் என் குறை. அதற்குச் செட்டிநாட்டுப் பணக்காரர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.