காவிரி டெல்டாவில் மண்டபம் இல்லாமல், வெட்டவெளியில் சின்னதாகக் கல்யாணம் செய்துகொள்ள எப்படித் திட்டமிடுவது?

கேட்டிருப்பவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: இருவருக்கும் பெங்களூரில் வேலை. இரண்டு வீட்டிலும் சம்மதம். மண்டபம், மேளம், ஆயிரம் பேர் எதுவும் வேண்டாம். இருபது பேருக்குள், வயலும் ஆறும் தெரிய ஒரு காலைப் பொழுதில் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் எப்போது வேண்டுமானாலும் வர முடியும்.

நான் அப்படிக் கல்யாணம் செய்துகொண்டவள். மூன்று வருடம் முன்பு, மன்னார்குடிப் பக்கம் எங்கள் தாத்தா ஊரில், பதினெட்டுப் பேர் முன்னால். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் இடத்தைத் தேடி அலையாதீர்கள். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று கேளுங்கள். அது தெரிந்தால் இடம் தானாக அமையும்.

இதைக் கேட்காமல் நாங்கள் தேதி குறித்தோம். புரட்டாசியில் இடம் பார்க்கப் போனபோது பாமணியாற்றில் ஒரு பழைய படித்துறை கண்ணில் பட்டது. மேலே இரண்டு புங்க மரம். நாலு படிதான் வெளியே தெரிந்தது, மிச்சமெல்லாம் தண்ணீருக்குள். மூன்றாம் படியில் நின்று மாலை மாற்றிக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்தோம். தேதி, மாசி முதல் வாரம். ஒரு வாரம் இருக்கும்போது போய்ப் பார்த்தால் பதினோரு படியும் வெளியே தெரிந்தன. அதற்குக் கீழே மணல், நடுவில் பச்சைக் குட்டை, அதில் ஆகாயத் தாமரை, பழைய சாக்கு, பிளாஸ்டிக் தட்டுகள். அந்தப் படியில் உட்கார்ந்து நான் அழுதேன்.

என்ன நடந்தது என்றால், வழக்கமான வருடத்தில் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று அடைப்பார்கள். திறந்த தண்ணீர் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெண்ணாற்றுத் தண்ணீர்தான் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் (ஆறு மூன்றாகப் பிரியும் இடம்) மறுபடி பிரிந்து எங்கள் பாமணியாற்றுக்கு வருகிறது. மேலே அடைத்துவிட்டால் கீழே சில நாளில் மணல் தெரியும். திறக்கும் தேதியும் எல்லா வருடமும் ஒன்றல்ல. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாமதமாகத் திறந்த வருடத்தில் நடவு தள்ளிப்போகும், அறுவடையும் தள்ளிப்போகும். நீங்கள் கனவு காணும் பொன்னிறக் கதிர் எந்த வாரம் வரும் என்பது இதைப் பொறுத்தது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஆத்துல தண்ணி இல்லாட்டி என்ன, நம்ம களத்துல கட்டிக்க." எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவரிடம் போய்க் கேட்டோம். அவரை நான் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மறுநாளே நெல்லடிக்கும் களத்தைக் கூட்டி, சாணி தெளித்து வைத்துவிட்டார். இதை நீங்களும் கவனியுங்கள். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஆனால் அந்த மண்ணில் இன்றைக்கு உழைப்பவர் வேறு ஒருவர். அவரிடம் கேட்காமல் வரப்பில் கால் வைக்காதீர்கள். விளைந்து நிற்கிற வயலுக்குள் படம் எடுக்க இறங்குவது ஒருவருடைய ஆறு மாத உழைப்பை மிதிப்பது.

கல்யாணத்தன்று காலை ஆறரைக்குப் பொழுது விடிந்தது. எங்கள் வயலில் அறுவடை முடிந்து, தாளடி (இரண்டாம் போக நெல்) அறுத்த கட்டைக்கு நடுவே உளுந்து முளைத்திருந்தது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் விதைத்துவிடுவார்கள். கதிர் போனதும் அது வெளிச்சம் கண்டு எழும்பும். காய்ந்த மஞ்சள் தாளுக்கிடையே விரல் உயரப் பச்சை, ஒவ்வொரு இலையிலும் பனித்துளி. ஆறு கிடைக்காத வருத்தம் அதைப் பார்த்ததும் போய்விட்டது.

பக்கத்து வயலில் மட்டும் நெல் அறுக்கிற பெல்ட் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. மாமா வரப்பில் ஓடிப்போய்க் கையைக் காட்டினார். டிரைவர் மெஷினை நிறுத்தினார், இறங்கினார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டு நேராகக் களத்துக்கு வந்தார். அத்தை அவர் கையிலும் அட்சதை கொடுத்தார். வாடகை மணிக்கணக்கில் ஓடுகிற மெஷின் அது. பத்து நிமிடம் அது நின்றது எங்களுக்காக. அட்சதை போட்டுவிட்டுத் தன் கைச் சுருக்கங்களில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார். எங்கள் கல்யாணப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் வரப்பில் நடந்து வருகிற படம்தான்.

இனி சட்டம். வெட்டவெளியில் புரோகிதர் இல்லாமல் கட்டினால் செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் செல்லும். 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலும் ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று புரிகிற மொழியில் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். ஊரறிய அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இருவரும் இந்து திருமணச் சட்டத்துக்குள் வருபவர்களாக இருந்தால் இது பொருந்தும். அப்புறம் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். விட்டுவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. எங்களிடம் அழைப்பிதழ் கேட்டார்கள். அதனால் சின்னக் கல்யாணம்தானே என்று விடாமல் இருபது பத்திரிகையாவது அடித்துவிடுங்கள். நாங்கள் அடித்த இருபத்தைந்தில் ஒன்றை இன்னும் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் வேறு வேறு மதம் என்றால் வழி வேறு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், பிறகு மூன்று சாட்சிகள் முன்னால் கையெழுத்து. பெங்களூரில் வசிக்கும் நீங்கள் அதை அங்கேயே முடித்துவிட்டு, இங்கே மாலை மாற்றிக்கொள்ளலாம்.

நடுவில் ஒன்று. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது வீட்டில் எதிர்ப்பு இருந்தால், அதுவும் சாதி காரணமாக இருந்தால், மேலே சொன்ன அழகெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். கிராமத்தில் நாலு பேர் கூடி நின்றாலே அரை மணி நேரத்தில் செய்தி பக்கத்து ஊருக்குப் போய்விடும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படிப்பட்ட இணையர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கவும் சொல்லியிருக்கிறது. முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், உயிர் பத்திரமாக இருக்கட்டும். வயல் எங்கும் போகாது.

இடங்களைப் பற்றி. படித்துறைதான் வேண்டும் என்றால் ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். எந்தப் படித்துறையில் கருமாதி செய்வார்கள் என்பது ஊருக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அமாவாசையன்று எல்லாப் படித்துறையிலும் தர்ப்பணம் நடக்கும், தை அமாவாசையன்று நிற்கவே இடம் இருக்காது. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை கொள்ளை அழகு, ஆனால் தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கல்லணையை நான் சொல்ல மாட்டேன். எப்போதும் கூட்டம், தண்ணீரும் ஆபத்தான இழுவை.

கடல் பிடிக்குமென்றால் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை பின்னால், சூரியன் நேர் எதிரில். வார நாளில் அதிகாலையில் போனால் மீனவர்களும் நீங்களும்தான். கோட்டைக்குள்ளே செய்ய வேண்டுமென்றால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகலாம், வனத்துறை அனுமதி வேண்டும். இருபது பேரோடும் பட்டுப் புடவையோடும் படகில் ஏறி இறங்குவது பெரிய பாடு. படம் மட்டும் எடுக்க இருவராகப் போய் வருவதற்கு அருமையான இடம்.

டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அது டிரோனுக்குத் தடையுள்ள பகுதியா என்று புகைப்படக்காரரை வரைபடத்தில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது.

சாப்பாட்டுக்கு வெளியிலிருந்து யாரையும் கூட்டி வராதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் விசேஷத்துக்குச் சமைக்கிறவர் ஒருவர் இருப்பார். எங்களுக்கு இட்லி, அதற்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா, வெண்பொங்கல், அசோகா அல்வா, அவ்வளவுதான். களத்திலேயே பாய் விரித்து, இலை போட்டுப் பரிமாறினார்கள். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள், அருகில் ஒரு வீட்டில் சொல்லி வைத்தால் போதும். விடியலில் வரப்பில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். எலி இருக்கிற வயலில் பாம்பும் இருக்கும்.

உங்கள் தேதிக்கு என் பதில் இது. டிசம்பரில் பயிர் பச்சையாக, வாய்க்கால் நிறைய, அழகாகத்தான் இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை முழுக்க விடைபெற்றிருக்காது, மார்கழியில் தாலி கட்டுவதற்குப் பெரியவர்கள் ஒப்பவும் மாட்டார்கள். பிப்ரவரியில் ஆறு காய்ந்துவிடும். பொங்கல் முடிந்து ஜனவரி 28 வரை இருக்கிற பத்துப் பன்னிரண்டு நாள்தான் உங்களுக்கு. ஆற்றில் தண்ணீர் இருக்கும், சம்பா கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருக்கும், மாதமும் தை. காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம், ஊரே ஆற்றங்கரையில் இருக்கும். மழைக்கு ஒரு மாற்று இடமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் பிப்ரவரி தொடக்கத்தில் கொட்டிய மழையில் அறுக்க வேண்டிய கதிரெல்லாம் சாய்ந்து முளைத்தது. அப்படி நடந்தால் அந்த வயல்காரர் வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு, கல்யாணத்தை யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்க்க வருவதானால் ஆடியில் வராதீர்கள், புரட்டாசியிலும் வராதீர்கள். ஒரு வருடம் முன்பே, அதே தை மாதத்தின் அதே வாரத்தில், காலை ஆறு மணிக்கு வந்து நின்று பாருங்கள். மன்னார்குடிப் பக்கம் வருவதாக இருந்தால் இங்கேயே பின்னூட்டத்தில் சொல்லுங்கள், மாமாவிடம் தண்ணீர் நிலவரம் கேட்டுச் சொல்கிறேன்.