ஃபிரிட்ஜ், டிவி, வாரண்டி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நுவரெலியாவில் இருக்கிறோம். புது ஃபிரிட்ஜில் டிசம்பர், ஜனவரியில் மட்டும் ஃப்ரீசர் இறைச்சி இளகிவிடுகிறது. கடை அனுப்பிய ஆள் 'பழுது இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பதில்: அவர் எழுதியது சரியாகவே இருக்கலாம். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் போனது தவறு. பல ஃபிரிட்ஜ்களில் தெர்மோஸ்டாட் ஒன்றுதான். அது கீழ் அறையின் சூட்டைப் பார்த்துத்தான் கம்பிரஷரை ஓட்டும். குசினியே 8 பாகைக்கு இறங்கினால் கீழ் அறை தானாகவே குளிர்ந்துவிடும், கம்பிரஷர் ஓடாது, ஃப்ரீசர் இளகும். உள்ளே ஒட்டியுள்ள லேபிளில் தட்பவெப்ப வகுப்பைப் பாருங்கள், எந்த அறைச் சூட்டில் ஃபிரிட்ஜ் சரியாக ஓடும் என்பதை அது காட்டும். 'எஸ்.என்' (SN) என்றால் 10 முதல் 32 பாகை வரை, 'என்' (N) என்றால் 16 முதல் 32, 'எஸ்.டி' (ST) 16 முதல் 38, 'டி' (T) 16 முதல் 43. கொழும்புச் சூட்டுக்கு 'டி' போதும். உங்கள் ஊர் இரவுக்கு 'எஸ்.என்'னும் சேர்ந்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு ஃபிரிட்ஜை வீட்டின் சூடான அறைக்கு மாற்றுங்கள். அறையில் ஒன்று, ஃப்ரீசரில் ஒன்று என இரண்டு தெர்மாமீட்டர் வையுங்கள். அறை 16 பாகைக்கு மேல் இருந்தும் ஃப்ரீசர் மைனஸ் 18ஐ நெருங்கவில்லை என்றால் அது பழுதுதான். அந்த அளவுகளைத் திகதியோடு எழுதி, படமும் எடுத்துக் கடைக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஹட்டனில் டிவி வாங்கும்போது மேலும் 2 வருட வாரண்டிக்குப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டுவதற்கு முன் நிபந்தனைத் தாளைக் கேளுங்கள், காசு கட்டிய பிறகுதான் தருவோம் என்றால் வேண்டாம். அதில் மூன்றைத் தேடுங்கள்: எந்தத் திகதியில் தொடங்குகிறது, பனல் (திரை) அடங்குமா, கொழும்புக்கு அனுப்பும் கூலி யாருடையது. இடி மின்னலும் கரண்ட் ஏற்றமும் வழமையாக விலக்கப்பட்டிருக்கும். மலையகத்தில் டிவிக்கு வரும் பெரிய ஆபத்தே அதுதான். ஆகவே அந்தக் காசில் முதலில் எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுவோம். எர்த் இல்லாத ப்ளக்கில், கரண்ட் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் பெரிதாக உதவாது. லயத்து வீடுகளில் இதைக் கட்டாயம் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி தொடங்குமுன் ப்ளக்கோடு டிஷ் வயரையும் கழற்றுங்கள். டிஷ் வயரை மறப்பதால்தான் பல டிவிகள் போகின்றன.

கேள்வி: 'கம்பிரஷருக்கு 10 வருடம்' என்றார்கள், ஆனால் திருத்தியபோது பில் போட்டார்கள்.

பதில்: பெரும்பாலும் அந்த 10 வருடம் கம்பிரஷர் என்ற பாகத்துக்கு மட்டும். காஸ், கூலி, போக்குவரத்து, போர்ட் எல்லாம் வேறு. வாங்கும் நாளிலேயே இவற்றைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பண்டாரவளைக் கடையில் கொடுத்த வோஷிங் மெஷின் வாரக்கணக்கில் கிடக்கிறது. கேட்டால் 'பாட்ஸ் வரவில்லை'.

பதில்: ஜொப் காட், அதாவது திருத்தக் கொடுத்ததற்குக் கடை தரும் சீட்டு, வாங்கினீர்களா? சீரியல் நம்பர், சொன்ன பழுது, கொடுத்த திகதி, தரும் திகதி நான்கும் அதில் வேண்டும். இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள். பிறகு 14 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. பில், வாரண்டி காட், ஜொப் காட், தபால் துண்டு ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். மூலப் பிரதிகளைக் கொடுக்காதீர்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.