சொந்த லேப்டொப்பில் கண்காணிப்பு சொப்ட்வெயார் போடலாமா?

கேள்வி: சம்மாந்துறையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். என் லேப்டொப்பில் கண்காணிப்பு சொப்ட்வெயார் ஒன்றைப் போடச் சொல்கிறார்கள். ஸ்கிரீன்ஷொட் எடுக்குமாம், வேலை நேரம் முழுக்கக் கெமராவும் திறந்திருக்க வேண்டுமாம். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம்.

பதில்: ஸ்கிரீன்ஷொட்டுக்கு இணங்கலாம். கெமராவுக்கு வேண்டாம். சொந்த லேப்டொப்பில் அப்படியே போடவும் வேண்டாம்.

இந்த சொப்ட்வெயார்கள் அளப்பது வேலையை அல்ல, அசைவை. இணையத்தில் வேலை பிடித்துத் தரும் அப்வேர்க் தளத்தில் மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்கியவர்களுக்கு இது பழக்கம்: 10 நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட், எந்த நொடியில் என்று தெரியாது. கூடவே கீபோர்டை எத்தனை தரம் தட்டினீர்கள், மௌஸை எத்தனை தரம் அழுத்தினீர்கள் என்ற எண்ணிக்கை. வங்கிக் கூற்றோடு பொருந்தாத ஒரு தொகையைத் தேடி நீங்கள் கால் மணி நேரம் திரையையே பார்த்திருந்தால், அந்தக் கணக்கில் சும்மா இருந்தவர்தான். கரண்ட் போனாலும் அதே கதி. கொஞ்ச நாளில் யோசிக்கும்போதுகூடக் கை தானாக மௌஸை ஆட்டும். அதற்கென்று கருவி வாங்கிவிடாதீர்கள்: 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்ட் அசைவைப் போலியாகக் காட்டியதற்காகப் பத்துப் பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கியது.

கெமரா வேறு விஷயம். முக்காடில்லாமல் பின்னால் நடந்துபோகும் உம்மாவையும் அது பார்க்கும். அவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லையே. நாள் முழுக்கக் கெமராவைத் திறந்துவைக்க மறுத்த ஊழியரை அமெரிக்கக் கம்பனி ஒன்று நீக்கியபோது, 2022இல் நெதர்லாந்து நீதிமன்றம் அதைத் தனியுரிமை மீறல் என்று சொல்லி, சுமார் 75,000 யூரோ கொடுக்க வைத்தது. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாதுதான், ஆனால் கம்பனிக்கு எழுதும் ஈமெயிலில் அதைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சித் தரவு திரட்டக்கூடாது என்பது அதன் அடிப்படை. முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின, அதனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தம்தான்.

சரி, செய்ய வேண்டியது. முதலில் கம்பனியிடமே ஒரு லேப்டொப் கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால் பழையது ஒன்றை வேலைக்கென்றே ஒதுக்குங்கள். அதே லேப்டொப்பில் விண்டோஸில் இன்னொரு கணக்குத் திறந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது: லேப்டொப் முழுவதையும் மாற்றும் உரிமையோடு (நிர்வாகி அனுமதி) போட்ட சொப்ட்வெயாருக்கு எல்லாக் கணக்கும் தெரியலாம். வேலை நேரத்தில் வாட்ஸ்அப்பையும் வங்கிக் கணக்கையும் வேலை லேப்டொப்பில் திறக்க வேண்டாம், உங்கள் சினேகிதியின் செய்தியும் ஸ்கிரீன்ஷொட்டில் போய்விடும்.

அப்புறம், எதைத் திரட்டுகிறீர்கள், யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், என்னுடைய பதிவை நான் பார்க்கலாமா, வேலை முடிந்ததும் நிறுத்தலாமா என்று கேட்டு எழுதுங்கள். மீட்டிங்கின்போது மட்டும் கெமரா போடுகிறேன் என்றும் சேருங்கள். பதிலை வொய்ஸ் மெசேஜில் சொன்னால், 'நீங்கள் சொன்னது இதுதானே' என்று நீங்களே ஒரு ஈமெயில் போட்டு வைத்துவிடுங்கள்.