நூடுல்ஸ் விற்பதும் தொண்டுதானா?

கேள்வி: மகன் வீட்டில் ஆறு மாதம் தங்க ஒஹையோவுக்கு வந்திருக்கிறேன். பக்கத்தில் ஹங்கேரியர்களின் சர்ச் ஒன்று. அங்கே பாட்டிமார் கூடி உட்கார்ந்து நூடுல்ஸ் உருட்டி, பாக்கெட் போட்டு விற்கிறார்கள். வாங்கினால் ரசீதுகூடக் கிடையாது. அவர்களுக்குச் சங்கம் ஒன்றும் இருக்கிறது. விசாரித்தால் அது ஆயுள் காப்பீட்டு கம்பெனி! இதையெல்லாம் மகன் 'சமூகத் தொண்டு' என்று புகழ்கிறான். வியாபாரத்துக்குத் தொண்டு என்று பெயர் வைத்தால் ஆயிற்றா? அதுவும் தங்கள் ஆட்களுக்கு மட்டும்?
– ஒஹையோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கம்பெனிக்காரர்கள் தொண்டு வேஷம் போடுகிறார்கள் என்பது உங்கள் சந்தேகம். நடந்தது தலைகீழ். அங்கே தொண்டுதான் வளர்ந்து கம்பெனியானது.

1886-இல் பென்சில்வேனியாவின் ஹேஸல்டனில், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த 13 ஹங்கேரியர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர் 'வெர்ஹோவாய் உதவிச் சங்கம்'. சுரங்கத்தில் ஒருவன் செத்தால் முதலாளி இழப்பீடு தந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அன்று அந்த மாநிலத்தில் கிடையாது. அது வந்தது 1915-இல்தான். அதுவரை சவப்பெட்டிக்குப் பணம் எங்கிருந்து வரும்? கூட வேலை பார்த்தவர்கள் துண்டேந்த வேண்டியதுதான். ஒவ்வொரு சாவுக்கும் துண்டேந்துவதைவிட, உயிரோடு இருக்கும்போதே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைப்போம் என்று முடிவு செய்தார்கள். நீங்கள் கண்டுபிடித்த இன்ஷூரன்ஸ் அதுதான்.

சாவு என்று பொதுவாகச் சொன்னால் உறைக்காது. 1907 டிசம்பர் 19 அன்று, பென்சில்வேனியாவின் வெஸ்ட்மோர்லண்ட் மாவட்டத்தில் டார் சுரங்கம் வெடித்தது. 239 பேர் போனார்கள். ஹங்கேரியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அதில் ஏராளம். 71 பேரை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். பலர் யார் என்றே தெரியவில்லை. அந்தக் காலத்தில் இந்தத் தொழிலாளிகள் பெரும்பாலும் 'புர்தோஷ்' வீடுகளில் இருந்தார்கள். காசு கொடுத்துத் தங்கிச் சாப்பிடுகிறவரை ஆங்கிலத்தில் 'போர்டர்' என்பார்கள். அது ஹங்கேரிய நாக்கில் புரண்டு அப்படி ஆனது. ஒருவன் ஷிப்டுக்கு எழுந்து போனால், ஷிப்டு முடிந்து வந்தவன் அதே கட்டிலில் படுப்பான். அத்தனை பேருக்கும் சமைத்துத் துவைத்துப் போடும் வீட்டுக்காரியின் புருஷனும் சுரங்கத்துக்குள்தான் இருப்பான். அவன் வராத அன்று அவளுக்கும் பிள்ளைகளுக்கும் யார்? அதே மாவட்டத்தில் லிகோனியர் என்ற ஊரில், 1921-இல் ஹங்கேரிய ரிஃபார்ம்டு சர்ச்சுக்காரர்களின் கூட்டமைப்பு ஓர் அநாதை இல்லம் திறந்தது. பெயர் பெத்லென் இல்லம். பிறகு முதியோரையும் சேர்த்துக்கொண்டது. அதை நடத்திய கூட்டமைப்பும், நீங்கள் முகம் சுளிக்கிற மாதிரியான, காப்பீடு விற்ற சங்கம்தான்.

'தங்கள் ஆட்களுக்கு மட்டும்' என்கிறீர்கள். ஆமாம், அப்படித்தான் ஆரம்பித்தது. தெருவில் 'ஹங்கி' என்று ஏளனமாகக் கூப்பிட்ட ஊரில் வேறு யார் வந்து இவர்கள் பெட்டியைத் தூக்கியிருப்பார்கள்? ஹங்கேரியில் சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த 1956 புரட்சி நசுக்கப்பட்ட பிறகு 30,000-க்கும் மேற்பட்ட ஹங்கேரிய அகதிகள் நியூ ஜெர்சியின் கில்மர் ராணுவ முகாமில் வந்து இறங்கினார்கள். மொழி தெரிந்தவர்கள் பக்கத்து நியூ பிரன்ஸ்விக் சர்ச்சுகளில்தான் இருந்தார்கள். தங்கள் ஆட்களுக்கு மட்டும் என்ற அந்தப் பழக்கம் அன்றைக்குக் கைகொடுத்தது.

சரி, உங்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தகைய சகோதர சங்கங்களுக்கு அமெரிக்க வருமான வரியிலிருந்து விலக்கு உண்டு. கிளைகள் வைத்து, கூட்டம் கூட்டி, உறுப்பினர் சங்கமாக இயங்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. கூட்டமும் இல்லாமல் தொண்டும் இல்லாமல் பாலிசி மட்டும் விற்கிற கிளையைப் பார்த்தால் தாராளமாகத் திட்டுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த 13 பேர் சங்கத்துக்குச் சூட்டிய பெயர், யூதர்களுக்கு எதிராக விஷம் கக்கிய ஹங்கேரிய அரசியல்வாதி யூலா வெர்ஹோவாயின் பெயர். நல்ல காரியம் செய்தவர்கள் எல்லாவற்றிலும் நல்லவர்களாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1955-இல் பிரிட்ஜ்போர்ட்டின் ராகோட்ஸி சங்கத்தோடு இணைந்து 'வில்லியம் பென் சங்கம்' ஆனபோதுதான் அந்தப் பெயர் போனது.

அப்புறம் அந்த நூடுல்ஸ். நீங்கள் பார்த்தது அநேகமாக 'சிகா'வாக இருக்கும். ஹங்கேரிய மொழியில் நத்தை. முட்டை போட்டுப் பிசைந்த மாவை மெல்லிசாகத் தேய்த்து, விரல் நகம் அளவுக்குச் சதுரம் சதுரமாக நறுக்கி, ஒவ்வொன்றையும் சின்னக் குச்சியில் சுற்றி, வரி வரியாகப் பள்ளம் உள்ள பலகையில் ஓர் உருட்டு. வரிவிழுந்த நத்தைக் கூடு ஒன்று வந்துவிடும். பழைய கிராமங்களில் தறியில் இழைகளைப் பிரித்துப் பிடிக்கிற சீப்பு போன்ற பண்ணை ஒடிந்தால், அந்தத் துண்டையே பலகையாக வைத்துக்கொண்டார்களாம். கல்யாண சூப்பில் போடுகிற சமாச்சாரம். கைமுறுக்கு சுற்றுகிறவர்களைக் கேளுங்கள், இந்த வேலையின் அருமை தெரியும்.

அடுத்த முறை வாங்கும்போது ஒரு பாக்கெட்டில் எத்தனை நத்தை என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டு, ஒஹையோவின் குறைந்தபட்சக் கூலியால் பெருக்குங்கள். நீங்கள் கொடுத்த விலை மாவுக்கும் முட்டைக்கும் போக எதற்குக் காணும்? இதைத் தொழிலாக நடத்துகிறவன் முதல் மாதமே கடையைச் சாத்த வேண்டியதுதான். பாட்டிமார் தங்கள் கூலியைக் கணக்கில் எழுதாததால்தான் மிச்சம் என்று ஒன்று வருகிறது. பெரும்பாலும் அது சர்ச் கூரைக்கும், குளிர்காலத்தில் கூடத்தைச் சூடாக்குகிற கொதிகலனுக்கும் போகும். கிளீவ்லண்டில் ஹங்கேரிய சாரணர் பிள்ளைகள் கூடுவதும் புனித எமெரிக் சர்ச்சின் அப்படிப்பட்ட ஒரு கூடத்தில்தான். 2010-இல் மறைமாவட்டம் அந்த சர்ச்சை மூடியது. மக்கள் வத்திக்கான் வரை முறையிட்டு 2012-இல் திறக்க வைத்தார்கள்.

ஆறு மாதத்தில் இலையுதிர்காலமும் வரும் என்றால், 'ஸ்யூரெத்தி பால்' என்ற திராட்சை அறுவடை நடன விழா நடக்கிறதா என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள். கூடத்தின் உத்தரத்தில் திராட்சைக் குலைகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஆடிக்கொண்டே அதைத் திருட வேண்டும். காவல்காரன் பிடித்தால் அபராதம். பணம் சர்ச் நிதிக்கு. எல்லோரும் மாட்டிக்கொள்வதற்கென்றே திருடுவார்கள். நீங்களும் ஒரு குலையைப் பறித்து மாட்டிக்கொள்ளுங்கள். அபராதத்துக்கு ரசீது மட்டும் கேட்டு வைக்காதீர்கள்.